மெட்டாபிளாஸ்டிக் மார்பகப் புற்றுநோய்: கீமோவோடு இம்யூனோதெரபியும் வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் தன் அக்காவுக்காகக் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு வயது 43, இரண்டு பிள்ளைகள். இடது மார்பில் 4 சென்ரிமீற்றர் கட்டி. கமக்கட்டில் நெறி இல்லை, வேறு உறுப்புகளுக்குப் பரவியதாகவும் ஸ்கேனில் தெரியவில்லை. பயொப்சி அறிக்கையில் மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமா, ட்ரிபிள் நெகடிவ் என்று எழுதப்பட்டிருக்கிறது. சத்திரசிகிச்சைக்கு முன் கீமோவும் அதனோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியும் கொடுக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஊசியை வெளியே வாங்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் மாமா, கீமோ உடம்பைக் கெடுத்துவிடும், இம்யூனோதெரபி மட்டும் போதும் என்கிறார். இன்னோர் உறவினர், முதலில் கட்டியை எடுத்துவிட்டு, காசு சேர்ந்த பிறகு ஊசியைப் போடலாம் என்கிறார். யாழ்ப்பாணத்துக் காணியை விற்றால்தான் காசு.

அவர் எழுதியிருக்கும் கேள்வி, இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டுமா என்பது. முழுவதையும் வாசித்தபோது, அவர் உண்மையில் அறிய விரும்புவது வேறொன்று என்று எனக்குப் பட்டது: இந்த ஊசி அக்காவைக் காப்பாற்றும் என்பதற்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது, அந்த ஆதாரம் ஒரு காணியை விற்கும் அளவுக்குக் கனமானதா? நான் கொழும்பில் 22 ஆண்டுகளாகப் புற்றுநோய் விடுதிகளில் வேலை செய்யும் வைத்தியர். அக்காவை நான் பரிசோதிக்கவில்லை, பயொப்சித் தகடுகளையும் பார்க்கவில்லை. ஆகவே அவருடைய வைத்தியரின் முடிவுக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக வாசியுங்கள்.

அறிக்கையில் இருக்கும் இரண்டு பெயர்களையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ட்ரிபிள் நெகடிவ் என்றால், ஈஸ்ட்ரஜன் ஏற்பி, புரொஜெஸ்ரரோன் ஏற்பி, ஹெர்-2 என்ற புரதம் ஆகிய மூன்றுமே அந்தப் புற்றுநோய்க் கலங்களில் இல்லை என்று பொருள். அதனால் ஹோர்மோன் மாத்திரையும் ஹெர்-2 ஊசியும் பயன்படாது. மார்பகப் புற்றுநோய் வரும் 100 பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கு இந்த வகை. மெட்டாபிளாஸ்டிக் என்பது அதைவிட மிக அரிது, 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. சுரப்பிக் கலங்களாக இருக்க வேண்டியவை தம் உருவத்தையே மாற்றிக்கொண்டு, தோலின் செதிற்கலங்களைப் போலவோ, கதிர் வடிவக் கலங்களாகவோ, சில வேளைகளில் குருத்தெலும்பாகவோ எலும்பாகவோ வளரும் நோய் இது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 2000 ஆம் ஆண்டில்தான் இது தனி வகையாக இடம்பெற்றது. இதில் பெரும்பாலானவை ட்ரிபிள் நெகடிவ் ஆகவே இருக்கும். ஆனால் ட்ரிபிள் நெகடிவ் நோய்கள் எல்லாம் மெட்டாபிளாஸ்டிக் அல்ல. இந்த வேறுபாடு கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஏனென்றால் வழக்கமான ட்ரிபிள் நெகடிவ் கட்டி கீமோவுக்கு நன்றாகக் கரையக்கூடியது; மெட்டாபிளாஸ்டிக் கட்டி பல வேளைகளில் அவ்வளவாகக் கரைவதில்லை.

மெட்டாபிளாஸ்டிக்கிற்கு உள்ளேயும் உபவகைகள் உண்டு. அவற்றில் குறைந்த தரத்தினைச் சேர்ந்த இரண்டு, அதாவது குறைந்த தர அடினோஸ்குவாமஸ் வகையும் ஃபைப்ரோமற்றோசிஸ் போன்ற வகையும், மெதுவாக வளர்பவை. அவற்றுக்குச் சத்திரசிகிச்சையே பிரதானம். கீமோவும் இம்யூனோதெரபியும் தேவைப்படாமலே போகலாம். பயொப்சி ஊசியில் வரும் நூல் போன்ற இழையங்களில் இந்த வேறுபாட்டைக் காண்பது நோயியல் நிபுணருக்கே சிரமமான வேலை. ஆகவே காணியைப் பற்றி யோசிப்பதற்கு முன், உபவகை என்ன, தரம் என்ன என்று கேளுங்கள். அது எழுதப்படாவிட்டால், மெழுகுக் கட்டியில் வைத்திருக்கும் அதே இழையத்தை மார்பக நோயியலில் பழக்கமுள்ள இன்னொரு நிபுணரிடம் காட்டக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அரிதான நோயில் இரண்டாவது கண் ஒன்று பார்ப்பது நல்ல வைத்தியர்கள் தாமாகவே செய்யும் காரியம்.

இனி, இரண்டு மருந்துகளும் ஏன் சேர்கின்றன என்பது. பெம்ப்ரோலிசுமாப் புற்றுநோய்க் கலத்தைத் தானாகக் கொல்லாது. நோயெதிர்ப்பு வேலையைச் செய்யும் நம் உடம்பின் ரி கலங்களில் பி.டி-1 என்ற ஓர் ஏற்பி இருக்கிறது. அது நோயெதிர்ப்பு அளவுமீறிப் போகாமல் பிடித்துவைக்கும் கயிறு. புற்றுநோய்க் கலம் பி.டி-எல்1 என்ற புரதத்தைத் தன்மேல் வைத்துக்கொண்டு அந்தக் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறது. கயிறு இருப்பதை ஜப்பானியரான தசுக்கு ஹொஞ்சோவின் குழு 1992 இல் கண்டறிந்தது. 2018 இல் ஜேம்ஸ் அலிசனோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊசி செய்வது அந்தக் கயிற்றை அவிழ்ப்பது மட்டுமே. முற்றத்தில் கட்டியிருக்கும் நாயை அவிழ்த்துவிட்டாலும், கள்ளன் யாரென்று அதற்குத் தெரியாவிட்டால் அது சும்மாதான் நிற்கும். மோப்பம் பிடிக்க அவனுடைய துணித்துண்டு ஒன்றாவது வேண்டும். கீமோ புற்றுநோய்க் கலங்களை உடைக்கும்போது அவற்றின் உள்ளிருக்கும் புரதங்கள் சிதறி வெளியே வருகின்றன. அதுதான் அந்தத் துணித்துண்டு. டொக்சோரூபிசின் போன்ற சில மருந்துகள் கலத்தைக் கொல்லும் விதமே நோயெதிர்ப்பைக் கிளப்பிவிடக்கூடியது என்று ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதரில் இது எவ்வளவு தூரம் நடக்கிறது, எந்தக் கீமோ மருந்து இதற்கு மிகப் பொருத்தம் என்பவை இன்னும் தீராத விடயங்கள். ஆனால் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடுகிறதா என்ற கேள்விக்கு, வழக்கமான ட்ரிபிள் நெகடிவ் நோயில், உறுதியான விடை கிடைத்துவிட்டது.

அந்த விடை கீநோட்-522 என்ற பரிசோதனையிலிருந்து வந்தது. இரண்டாம், மூன்றாம் கட்ட ட்ரிபிள் நெகடிவ் நோய் உள்ள 1174 பேர் அதில் சேர்ந்தார்கள். எல்லாருக்கும் சத்திரசிகிச்சைக்கு முன் கீமோ: முதலில் பாக்லிடாக்செலும் கார்போபிளாட்டினும், அடுத்து டொக்சோரூபிசின் அல்லது எபிரூபிசினோடு சைக்ளோபொஸ்பமைட். மூவரில் இருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் 200 மில்லிகிராம், சத்திரசிகிச்சைக்கு முன் 8 தடவையும் பின் 9 தடவையும். மூன்றாமவருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. முதல் 602 பேரைப் பார்த்தபோது, சத்திரசிகிச்சையில் எடுத்த இழையத்தில் நோயே மிஞ்சாதவர்கள் ஊசி பெற்ற 100 பேரில் 65 பேர், பெறாத 100 பேரில் 51 பேர். பிறகு 1002 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த இடைவெளி 63 க்கும் 56 க்குமாகச் சுருங்கியது. சில கட்டுரைகள் முதல் கணக்கை மட்டும் சொல்வதால் இதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் காலம் செல்லச் செல்ல முக்கியமான இடத்தில் பலன் நிலைத்தது. ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஊசி பெற்ற 100 பேரில் 81 பேர், ஊசி இல்லாத 100 பேரில் 72 பேர். உயிரோடு இருந்தவர்கள் 87 பேர், மற்றப் பக்கத்தில் 82 பேர். 2024 இல் வெளியான இந்தக் கணக்கில் சந்தேகப்பட எனக்கு இடமில்லை.

இந்த எண்களை நான் கிளினிக்கில் சொல்லும்போது குடும்பத்தினர் இரண்டு விதமாகக் கேட்பதுண்டு. ஐந்து பேர்தானா என்று சிலர் மனம் சோர்வார்கள்; ஐந்து உயிர் என்று சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டுமே சரியான கேட்டல்தான். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மற்றப் பக்கத்தை: இம்யூனோதெரபி இல்லாமல், கீமோவும் சத்திரசிகிச்சையும் மட்டும் பெற்றவர்களிலும் 100 பேரில் 82 பேர் ஐந்தாண்டைத் தாண்டினார்கள். அந்தக் கீமோ மருந்துகளை அரச வைத்தியசாலைகளில், மஹரகமவிலும் தெல்லிப்பழையிலும், காசில்லாமல் பெற முடியும். ஊசி வாங்க வழியில்லாதவர்கள் தம் ஆளைக் கைவிட்டதாக நினைத்து மருகுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது உண்மையல்ல.

மாமா சொல்வதற்கு வருகிறேன். இம்யூனோதெரபி மட்டும் கொடுத்து, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் போன்ற சில புற்றுநோய்களை அடக்க முடிகிறது; அதைக் கேள்விப்பட்டுத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும். மார்பகத்தில் அப்படி இல்லை. முன்பே சிகிச்சை பெற்று நோய் பரவிய ட்ரிபிள் நெகடிவ் நோயாளர் 622 பேரில் பெம்ப்ரோலிசுமாப்பைத் தனியாகக் கொடுத்து, கீமோவோடு ஒப்பிட்ட கீநோட்-119 பரிசோதனையில், ஆயுள் கூடவில்லை. பரவாத நிலையில், குணமாக்கக்கூடிய நிலையில் இருக்கும் ஒருவருக்குக் கீமோவைத் தவிர்த்துவிட்டு ஊசியை மட்டும் கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை. மாமாவின் அன்பை மதித்து, இந்த ஒரு யோசனையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

இனிமேல் சொல்வது உறுதி குறைந்த நிலம். கீநோட்-522 இன் எண்கள் ட்ரிபிள் நெகடிவ் நோய்க்குரியவை. மெட்டாபிளாஸ்டிக் வகைக்கென்று கீமோவையும் இம்யூனோதெரபியையும் சேர்த்துச் சோதித்த பெரிய பரிசோதனை எதுவும் கிடையாது. இவ்வளவு அரிதான நோய்க்கு ஆயிரம் பேரைத் திரட்டுவது எளிதல்ல. இந்த வகைக்கென்றே நடந்த ஒரு சிறிய ஆய்வு, அமெரிக்காவின் டார்ட் என்ற திட்டத்தின் ஒரு பகுதி. நோய் முற்றிய 17 பேருக்குக் கீமோ இல்லாமல் இபிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 3 பேருக்குக் கட்டி சுருங்கியது. மூவர்தான், ஆனால் அந்த மூவருக்கும் பலன் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. முற்றிய மெட்டாபிளாஸ்டிக் நோயைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். கயிற்றை அவிழ்த்தால் இந்த நோயிலும் சிலரிடம் நாய் கடிக்கிறது என்று அது காட்டுகிறது. எல்லாரிடமும் அல்ல என்றும் காட்டுகிறது. இந்தக் கட்டிகளில் பி.டி-எல்1 புரதம் அடிக்கடி காணப்படுவதும் அதே திசையில் நிற்கும் தகவல். ஆகவே உங்கள் வைத்தியர் ட்ரிபிள் நெகடிவ் நோயின் ஆதாரத்தைக் கடனாக எடுத்து மெட்டாபிளாஸ்டிக்கிற்குப் பயன்படுத்துகிறார். நானாக இருந்தாலும் அதையே செய்வேன். ஆனால் அது கடன் வாங்கிய ஆதாரம் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டே செய்வேன்.

பி.டி-எல்1 பரிசோதனை செய்யவில்லையே என்றும் கேட்டிருக்கிறீர்கள். பரவாத நிலையில் அது தேவையில்லை. புரதம் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஊசி பலன் தந்தது. நோய் பரவிய நிலையில்தான் அந்தப் புரதத்தின் அளவைக் காட்டும் சி.பி.எஸ். என்ற எண் 10 அல்லது அதற்கு மேலா என்று பார்ப்பது முடிவை மாற்றும்.

முதலில் வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு ஊசி என்ற யோசனைதான் மூன்றிலும் சிக்கலானது, ஏனென்றால் அதில் ஒரு பாதி பிழை, ஒரு பாதி சரி. பிழையான பாதி: ஊசியைப் பின்னால் போடலாம் என்பது. கட்டி உடம்பில் இருக்கும்போதுதான் நோயெதிர்ப்புக்குப் பார்த்துப் பழகப் பொருள் இருக்கிறது. சத்திரசிகிச்சை முடிந்த பிறகு கீமோவோடு அட்டசோலிசுமாப் என்ற, இதே குடும்பத்து மருந்தைச் சேர்த்துக் கொடுத்த அலெக்ஸாண்ட்ரா பரிசோதனையில் 2199 பேர் இருந்தும் பலன் கிடைக்கவில்லை. 2023 இல் ஆட்சேர்ப்பை நிறுத்திவிட்டார்கள். மருந்து வேறு என்பதால் இதுவே கடைசி வார்த்தை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் முன்னால் போட வேண்டிய ஊசியைப் பின்னால் போட்டால் அதே பலன் வரும் என்று நம்பிக் காணியை விற்க வேண்டாம். முடிவைச் சத்திரசிகிச்சைத் திகதி குறிப்பதற்கு முன்னரே எடுத்தாக வேண்டும்.

சரியான பாதி: மெட்டாபிளாஸ்டிக் கட்டி கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே வளர்ந்துவிடக்கூடும். வெட்டி எடுக்கக்கூடியதாக இருந்த கட்டி, ஆறு மாதக் கீமோவின் முடிவில் தோலையோ தசையையோ பிடித்துவிட்டால், கையிலிருந்த வாய்ப்பு போய்விடும். இந்தப் பயத்தால் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் இந்த வகையில் முதலில் வெட்டுவதையே விரும்புகிறார்கள். அவர்களைப் பிழை சொல்ல முடியாது. 4 சென்ரிமீற்றர் கட்டிக்கு முன்கீமோவும் ஊசியும் கொடுப்பதென்றால், அதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்பது என் கருத்து: கட்டியை ஒவ்வொரு தவணையும் அளக்க வேண்டும். நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் பெரிய வைத்தியர் மேல்சட்டைப் பையில் ஓர் இரும்புக் கலிப்பர் வைத்திருப்பார். நோயாளி படுக்கையில் சாய்ந்ததும் கட்டியின் இரு ஓரங்களையும் விரலால் தேடி, கலிப்பரை வைத்து, நீளத்தையும் அகலத்தையும் கிளினிக் கொப்பியில் முந்தைய திகதிக்கு நேர் கீழே எழுதுவார். எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் வளர்வதும் சுருங்குவதும் ஒரே பார்வையில் தெரியும். இன்று ஸ்கேன் இருக்கிறது. இரண்டு தவணை முடிந்ததும், அதாவது ஆறாவது வாரத்தில், அதை எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் கலிப்பர் அளவையும் கொப்பியில் எழுதக் கேளுங்கள். கட்டி பெருத்தால் மிச்சத் தவணைகளை முடிப்பதற்காகக் காத்திருக்காமல் சத்திரசிகிச்சைக்குப் போக வேண்டும். அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று புற்றுநோய் வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் முதல் நாளிலேயே பேசி வைத்திருப்பது அவசியம்.

பக்கவிளைவைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீமோவின் பக்கவிளைவுகளை ஊரறியும்: முடி கொட்டுதல், வாந்தி, வெள்ளைக் கலங்கள் குறைதல். அவை வந்து போகும். அவிழ்த்துவிட்ட நாய் வீட்டுக்காரரையும் கடிக்கும் என்பதுதான் இம்யூனோதெரபியின் தன்மை, அந்தக் கடி எந்த உறுப்பிலும் விழலாம். கீநோட்-522 இல் ஊசி பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 33 பேருக்கு இத்தகைய விளைவு ஏதோ ஒன்று வந்தது. 13 பேருக்குக் கடுமையாக வந்தது. தைரோயிட் சுரத்தல் குறைவது பொதுவானது. அது மாத்திரையோடு வாழக்கூடியது, ஆனால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும். நுரையீரல், ஈரல், குடல், அரிதாக இருதயம் ஆகியவையும் பாதிக்கப்படலாம். இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு திடீரென்று வந்தவர்களும் உண்டு. பலவற்றுக்கு ஸ்டீரொயிட் கொடுத்து அடக்கலாம், நேரத்துக்குக் கண்டுபிடித்தால்.

நேரத்துக்குக் கண்டுபிடிக்காத ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, ஐம்பது கடந்தவர். எல்லா ஊசியும் முடிந்து மூன்று மாதமானபோது களைப்பு, ஓங்காளம், எழுந்தால் தலைசுற்று என்று வந்தார். கீமோக் களைப்பு இன்னும் போகவில்லை என்று வீட்டில் செவ்விளநீர் கொடுத்தார்கள். வைத்தியசாலையில் விற்றமின் மாத்திரையும் வயிற்றெரிவு மாத்திரையும் கொடுத்து இரண்டு தடவை திருப்பி அனுப்பினோம். அந்த இரண்டில் ஒரு தடவை பார்த்தவள் நான். மூன்றாம் முறை தூக்கி வரப்பட்டபோது இரத்த அழுத்தம் 80 க்கு 50, சோடியம் அடிமட்டத்தில். கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைப் பார்த்தால் அது இல்லை என்றே சொல்லலாம். ஊசியால் அதைச் சுரக்கும் வழி அடைபட்டிருந்தது. ஹைட்ரோகோர்ட்டிசோன் நாளம் வழியாகப் போன மறுநாள் மாலை, எழுந்து உட்கார்ந்து, சீனி போட்ட பிளேன்ரீ ஒன்று தருவீர்களா என்று கேட்டார். இன்று வேலைக்குப் போகிறார், தினமும் மாத்திரை எடுக்கிறார். இரண்டு கிழமை முந்தியே ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய விடயம் அது. மேலே சொன்ன டார்ட் ஆய்வில் பலன் பெற்ற மூவருக்கும் இதே கோர்ட்டிசோல் குறைபாடுதான் வந்தது என்பதை வாசித்தபோது அந்த ஆசிரியையின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆகவே சிகிச்சை தொடங்குமுன் தைரோயிட், கோர்ட்டிசோல், சீனி, ஈரல் பரிசோதனைகளும் ஈரலழற்சி பி பரிசோதனையும் இருதய எக்கோவும் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். அக்காவுக்கோ நெருங்கிய இரத்த உறவினருக்கோ மூட்டுவாதம், சொரியாசிஸ், தைரோயிட் போன்ற நோயெதிர்ப்பு நோய்கள் இருந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், இவர் பெம்ப்ரோலிசுமாப் பெறுகிறவர் என்று பெரிய எழுத்தில் எழுதி, ஊசி முடிந்த பின்னும் குறைந்தது ஓராண்டுக்கு அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வையுங்கள். இரவில் போகும் வைத்தியசாலையில் இருப்பவருக்கு அது தெரியாவிட்டால் வயிற்றோட்டத்தை உணவு நஞ்சாதல் என்றும், மூச்சிளைப்பைத் தொய்வு என்றும் நினைத்துவிடுவார். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பனடோல் போட்டுப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். கொழும்பில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் எல்லாரும் டெங்குவென்று மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பார்கள். கீமோவில் இருப்பவர் அப்படிக் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். டெங்குவையும் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது காசு. 200 மில்லிகிராம் என்றால் 100 மில்லிகிராம் குப்பி இரண்டு. 17 ஊசிக்கு 34 குப்பி. இந்தக் கணக்கைக் கேட்டதும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள், அதனால் இதற்குள் இருக்கும் இடைவெளிகளைச் சொல்கிறேன். இந்த மருந்து 2014 இல் மெலனோமாவுக்கு முதலில் அனுமதி பெற்றபோது அளவு, ஒரு கிலோ எடைக்கு 2 மில்லிகிராம். நெதர்லாந்திலும் கனடாவிலும் எடையைப் பார்த்துக் கொடுக்கும் முறை வழக்கத்தில் இருக்கிறது. அக்காவின் எடை 50 கிலோ என்றால் அந்தக் கணக்கில் ஒரு குப்பியே போதும். இன்னும் ஒரு படி கீழே, தில்லி எய்ம்ஸ் குழுவினர் ட்ரிபிள் நெகடிவ் நோயில் 50 மில்லிகிராமை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மூன்றே தடவை கீமோவோடு கொடுத்த பரிசோதனையை 2025 இல் வெளியிட்டார்கள். நோய் முழுவதும் கரைந்தவர்கள் 100 பேரில் 54, கீமோ மட்டும் பெற்றவர்களில் 40. இது சிறிய பரிசோதனை, ஆயுள் கூடுகிறதா என்று தெரிய ஆண்டுகள் ஆகும், மெட்டாபிளாஸ்டிக்கிற்கு என்ன செய்யும் என்பதற்கு விடை அதில் இல்லை. எடைக் கணக்கு எனக்கு நம்பத்தகுந்தது. 50 மில்லிகிராம் முறை, வேறு வழியில்லாத குடும்பத்தில் வைத்தியரோடு பேசத்தக்கது. இரண்டையும் நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்தைய 9 ஊசியும் எல்லாருக்கும் தேவையா என்பது இன்னொரு திறந்த கேள்வி. இழையத்தில் நோய் மிஞ்சாதவர்களுக்கு அதை நிறுத்தலாமா என்று ஆப்டிமைஸ்-பி.சி.ஆர். என்ற பரிசோதனை பார்க்கிறது. பரிசோதனையில் கொடுத்தபடி 17 ஐயும் கொடுப்பதே ஆதாரமுள்ள முறை. ஆனாலும் காசு ஒரு கட்டத்தில் முடியும் என்று தெரிந்தால், முன்னால் வரும் 8 ஐக் காப்பாற்றுங்கள் என்றே நான் சொல்வேன். இது என் தீர்ப்பு, நிரூபணம் அல்ல. காணி விலைபோகும்வரை கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன். கீமோ குறித்த நாளில் தொடங்கட்டும். ஊசி ஒரு தவணை பிந்திச் சேர்வதற்குப் பரிசோதனை ஆதாரம் இல்லை என்றாலும், இந்த நோயை இரண்டு மாதம் சிகிச்சையின்றி விட்டுவைப்பது அதைவிட மோசம்.

சென்னையிலிருந்து யாராவது குறைந்த விலைக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், மிகுந்த கவனம் தேவை. 2024 மார்ச்சில், பாவித்து முடிந்த புற்றுநோய் மருந்துக் குப்பிகளைச் சேகரித்து வேறு திரவம் நிரப்பி விற்ற கும்பலைத் தில்லிப் பொலிஸார் பிடித்தார்கள். அந்தக் குப்பிகளில் இந்த மருந்தும் இருந்தது. உண்மையான மருந்தே ஆனாலும் 2 முதல் 8 பாகைக் குளிரில் வந்திருக்க வேண்டும், உறைந்திருக்கக் கூடாது. பதிவு பெற்ற இறக்குமதியாளரிடம் ரசீதோடு வாங்குங்கள். ஊசி ஏற்றி முடிந்ததும் தாதியரிடம் கேட்டு, குப்பியின் லேபிளை உங்கள் கண் முன்னால் கிழிக்கச் சொல்லுங்கள். தொகுதி இலக்கத்தைக் கொப்பியில் ஒட்டிக்கொள்ளலாம்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோய் மிஞ்சியிருந்தால் கபெசிட்டபின் என்ற கீமோ மாத்திரையைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசுவார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்து 2017 இல் வெளியான ஆய்வு ஒன்று ட்ரிபிள் நெகடிவ் நோயில் அதற்கு ஆயுள் பலன் காட்டியது. 43 வயதில் ட்ரிபிள் நெகடிவ் வந்திருப்பதால் நோய் பரம்பரையாக வந்ததா என்று காட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனையையும் கேளுங்கள். அது சத்திரசிகிச்சையின் அளவையும், பிறகு ஒலாபரிப் மாத்திரை பொருந்துமா என்பதையும், அக்காவின் பிள்ளைகளும் நீங்களும் சோதிக்க வேண்டுமா என்பதையும் தீர்மானிக்கும்.

அடுத்த கிளினிக் நாளுக்கு அக்காவோடு நீங்களும் போங்கள். பயொப்சி அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் கொண்டுபோங்கள். பலர் முதல் பக்கத்தை மட்டும் கொண்டுவருகிறார்கள், உபவகையும் தரமும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும். உபவகை என்ன, கட்டி வளர்ந்தால் எந்தக் கட்டத்தில் சத்திரசிகிச்சைக்கு மாறுவோம், எடைக்கேற்ப ஊசி கொடுக்க முடியுமா என்ற மூன்றையும் கேட்டு, வைத்தியர் சொல்வதை அவர் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். குறைந்த தர உபவகை என்று வந்தால் நான் மேலே எழுதியதில் பெரும்பகுதி அக்காவுக்குப் பொருந்தாது, காணிப் பேச்சையும் நிறுத்திவிடலாம். உயர்தரம் என்றால், எடைக் கணக்கில் முதல் 8 ஊசிக்கு எத்தனை குப்பி வரும் என்று மருந்தாளரிடம் எழுதி வாங்குங்கள். காணி முழுவதையும் விற்க வேண்டுமா, அதில் ஒரு பரப்போ இரண்டு பரப்போ போதுமா என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டே பேசலாம்.